நோய் ஓரிடம், ஊசி வேறிடம்

"எனக்கு இருதயத்திலதானே பிரச்சினை? பிறகேன் தம்பி, சுவாசக் குழாய்க்குள்ள ஊசி போடப் போயினம்?"

மிசிசாகாவில் இருதய நிபுணரின் அறையிலிருந்து வெளியே வரும் ஒரு தமிழ்த் தாய், வாகனத் தரிப்பிடத்தை அடையும் முன்பே மகனிடம் இப்படிக் கேட்கக்கூடும். இரண்டு தடவை மயங்கி விழுந்தவர். ஈசிஜியில் இருதயத்தின் மின்னோட்டம் இடையில் தடைப்படுவது தெரிந்தது. ஐம்பது வயதில் அது வருவதற்கு வழக்கமான காரணம் எதுவும் அகப்படவில்லை. எம்ஆர்ஐ எடுத்தார்கள், பெட் ஸ்கான் எடுத்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது நுரையீரல் நிபுணருக்கு ஒரு கடிதம். அவருக்கோ இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை.

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல எழுபது, எண்பது வருடங்கள் பின்னால் போக வேண்டும். அந்தப் பதிலின் இரண்டு முக்கியமான அத்தியாயங்கள் நடந்த ஆஸ்பத்திரி தொலைவிலும் இல்லை. போர்ட் கிரெடிட்டில் கோ ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து சில நிமிடத்தில் யூனிவர்சிட்டி அவெனியூ, ரொறன்ரோ ஜெனரல்.

சந்தேகிக்கப்படும் நோயின் பெயர் சார்கொய்டோசிஸ். உடலின் நோயெதிர்ப்புச் செல்கள், இன்னதென்று இன்றுவரை பிடிபடாத ஏதோ ஒன்றை எதிர்த்து நுண்ணிய திரள்களாகக் கூடிவிடுகின்றன. இந்தத் திரள்தான் கிரானுலோமா. தோல், கண், கல்லீரல், மூளை, இருதயம் என்று எங்கேயும் அது வரலாம். ஆனால் பத்து நோயாளிகளில் சுமார் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலோ அதன் தடம் இருக்கும். 2015 நிலவரப்படி ஒன்ராறியோவில் லட்சம் பேருக்கு 143 பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். ஏழு லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கும் மிசிசாகாவில் அதே விகிதம் என்று வைத்தால் ஆயிரம் பேர் அளவில் வரும்.

அந்த "பத்தில் ஒன்பது"தான் தாயின் கேள்விக்கான பதிலின் சாரம். நோய் வருத்துவது இருதயத்தையோ கண்ணையோ ஆனாலும், அதை நிரூபிக்கும் திசுத் துணுக்கை நெஞ்சிலிருந்தே எடுக்கலாம். இந்த யோசனை புதிதல்ல. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது, துணுக்கை எடுக்கப் போகும் வழியும் அதற்காக நோயாளி படும் பாடும்தான்.

அன்று: எட்டிய இடத்தில் ஒரு கீறல்

லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் 1877இல் இந்த நோயை விவரித்தபோது அது தோல் வியாதியாகத்தான் தெரிந்தது. நோர்வேயின் சீசர் பெக் 1899இல் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியதும் தோலைத்தான். தோலில் தடிப்பு இருந்தால் அதில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் போதும். பிறகு சுவீடனின் யோர்கன் ஷௌமான் போன்றவர்கள், தோலில் தெரியும் அதே நோய் நுரையீரலுக்கும் கணுக்களுக்கும் எலும்புக்கும் போகிறது என்று காட்டினார்கள். டென்மார்க்கின் கண் மருத்துவர் ஹீர்ஃபோர்ட் 1909இல் விவரித்த, கண் அழற்சியும் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்த கோலமும் இதே நோயின் இன்னொரு முகம் என்று பின்னால் தெரிந்தது.

நோய் உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகு சிக்கல் தொடங்கியது. தோலில் ஒன்றுமில்லாதவருக்கு எங்கே வெட்டுவது?

1940களின் முடிவை நினைத்துப் பாருங்கள். மிசிசாகா என்ற நகரமே அப்போது இல்லை. ரொறன்ரோ டவுன்ஷிப் என்ற பெயரில் பழத்தோட்டங்களும் சிற்றூர்களுமாகக் கிடந்த நிலம் அது, நகரமானது 1974இல். இன்று மிசிசாகா ஹொஸ்பிட்டல் என்று நாம் போய்வரும் இடம், சவுத் பீல் ஹொஸ்பிட்டலாகத் திறக்கப்பட்டதே 1958இல்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பொதுக் காப்புறுதி ஒன்ராறியோவில் 1959இல் வந்தது. மருத்துவரின் கட்டணத்துக்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இப்படியொரு நோய்ச் சந்தேகம் வந்தவருக்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி.

அங்கே அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய புதிய முறை, 1949இல் டேனியல்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்தது. காறை எலும்புக்கு மேலே கழுத்தடியில் கீறி, அங்குள்ள கொழுப்பையும் அதற்குள் புதைந்திருக்கும் கணுக்களையும் சேர்த்து எடுப்பது. நெறி கட்டியிருக்கிறது என்று ஊரில் சொல்வோமே, அதே கணுக்கள்தான். ஆனால் வெளியே தடவினால் தெரியாத அளவில் இருப்பவை. நெஞ்சின் நிணநீர் கழுத்தடி வழியாக வடிவதால் அங்கேயும் கிரானுலோமா கிடைக்கும் என்பது கணக்கு. பலருக்குக் கிடைத்தது. கிடைக்காதவர்களுக்கு வேறு இடம் தேடினார்கள்: கல்லீரலில் ஊசி, கெண்டைக்கால் தசையில் ஒரு துண்டு, கண் இமையின் உட்சவ்வில் ஒரு துணுக்கு, கீழுதட்டின் உட்புறத்து உமிழ்நீர்ச் சுரப்பி. இந்த இடங்களில் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. எட்டுகிற இடம், வெட்டினால் பெரிய சேதமில்லாத இடம், அவ்வளவுதான். குருட்டாம்போக்கில் எடுப்பதால், நோய் இருந்தும் துணுக்கில் ஒன்றும் தெரியாமல் போவது வழக்கம்.

இன்னொருவரின் மண்ணீரல்

இந்தத் தவிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்று கேட்டால் நம்ப முடியாத ஒரு பரிசோதனை. நோர்வேயின் ஆன்ஸ்கர் க்வீம் 1941இல், சார்கொய்டோசிஸ் நோயாளியின் நிணநீர்க் கணுவை அரைத்துச் சூடாக்கிய கரைசலை வேறொரு நோயாளியின் தோலுக்குள் ஏற்றினார். சில வாரங்களில் அந்த இடம் தடித்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கிரானுலோமா. நியூயோர்க்கில் லூயிஸ் சில்ட்ஸ்பாக், நோயுற்றவர்களின் மண்ணீரலிலிருந்து கரைசலைத் தயாரித்து இதை உலகம் முழுதும் பரவச் செய்தார். க்வீம்–சில்ட்ஸ்பாக் பரிசோதனை என்று பாடப்புத்தகங்களில் ஏறியது இதுதான்.

நடைமுறை இப்படி. முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டுக் கரைசல். அந்த இடத்தை அடையாளம் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நாலு முதல் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி, அந்தத் தடிப்பைத் தோலோடு வெட்டியெடுத்து நோயியல் நிபுணருக்கு அனுப்புவார்கள். இந்த இடைவெளியில் நோயைத் தணிக்கும் ஸ்டீரொய்டைத் தொடங்கினால் முடிவு பொய்த்துவிடும் என்பதால், கண் மங்கிக்கொண்டு வருபவரும் காத்திருக்க வேண்டும்.

நல்ல கரைசல் கிடைத்த இடங்களில் இது கெட்டிக்காரப் பரிசோதனையாகத்தான் இருந்தது. ஆனால் கரைசலுக்குக் கரைசல் தரம் மாறியது. ஒருவர் உடலின் திசுவை இன்னொருவர் உடலுக்குள் ஏற்றுவது பற்றிய அச்சம், எச்ஐவிக்கும் பிரித்தானியாவின் பைத்தியப் பசு நோய்க்கும் பிறகு பெரிதானது. 1990களோடு பெரும்பாலான இடங்களில் இது வழக்கொழிந்தது. எந்தப் பொருளை எதிர்த்து அந்தத் தடிப்பு வந்தது என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை.

ஸ்டொக்ஹோமிலிருந்தும் சிபாவிலிருந்தும்

நெஞ்சுக்குள்ளேயே போய்க் கணுவை எடுக்கலாம் என்ற துணிவு ஸ்டொக்ஹோமில் தொடங்கியது. எரிக் கார்லன்ஸ் 1959இல் மீடியாஸ்டினொஸ்கோப்பியை விவரித்தார். முழு மயக்கம் கொடுத்து, தொண்டைக்குழியில் சில சென்ரிமீற்றர் கீறி, மூச்சுக்குழலின் முன்புறமாக விரலால் வழி செய்து, விளக்குக் குழாயொன்றை மார்பெலும்புக்குப் பின்னால் இறக்கி, கணுவை நேரில் கண்டு கிள்ளியெடுப்பது. இதை கார்லன்ஸிடம் பார்த்துக் கற்று வந்து வட அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர் ரொறன்ரோ ஜெனரலின் கிரிஃபித் பியர்சன். காலம் 1960களின் தொடக்கம். உலகின் முதல் வெற்றிகரமான நுரையீரல் மாற்று அறுவையை 1983இல் ஜோயல் கூப்பர் செய்தது அவர் வளர்த்த அதே துறையில்தான்.

சார்கொய்டோசிஸுக்கு இது கிட்டத்தட்டக் கைதவறாத முறை. பெரிய துண்டு கிடைக்கும்; சந்தேகத்துக்கு இடமிராது. ஆனால் விரல் போகும் வழியில் பெருநாடியின் கிளைகளும் நுரையீரல் தமனியும் குரல்வளை நரம்பும் இருக்கின்றன. அரிதாக இரத்தப்பெருக்கு, அரிதாகக் குரல் கம்மல். இருதயம் பலவீனமானவருக்கு முழு மயக்கமே ஓர் ஆபத்து. இருதயத்தில்தான் நோய் என்று சந்தேகிக்கும் ஒருவரை, அதை நிரூபிப்பதற்காகவே மயக்கி அறுப்பதா என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் பலருக்கு நோய் நிரூபிக்கப்படாமலே ஸ்டீரொய்ட் போனது.

இதே காலத்தில் சுவாசக் குழாய் வழியும் திறந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் 1897இல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை விறைப்பான குழாய் விட்டு எடுத்தார். ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா 1960களில் வளைந்து கொடுக்கும் புரொங்கொஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அதன் நுனியில் சிறு இடுக்கியை விட்டு நுரையீரலில் கிள்ளலாம். ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் கோ பென் வாங் அதன் வழியாகவே ஊசி விட்டு, குழாயின் சுவருக்கு அப்பாலிருக்கும் கணுவைக் குத்தினார். ஆனால் சுவருக்கு அப்பால் கணு எங்கே, இரத்தக் குழாய் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. சிடி படத்தை மனதில் வைத்துக்கொண்டு குத்துவதுதான். கைதேர்ந்தவருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் துணியவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் இருந்த கசுஹிரோ யசுஃபுகு. புரொங்கொஸ்கோப்பின் நுனியிலேயே சிறு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, ஊசி போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே குத்தும் முறையை அவரது குழு 2004இல் வெளியிட்டது. எண்டோப்ரொங்கியல் அல்ட்ராசவுண்ட், சுருக்கமாக ஈபஸ். 2007இல் அதே குழு சார்கொய்டோசிஸில் பரிசோதித்தபோது, நோய் உறுதியான 61 பேரில் 56 பேருக்கு அந்த ஊசியிலேயே கிரானுலோமா கிடைத்தது.

யசுஃபுகு 2008இல் வந்து சேர்ந்தது, பியர்சனின் அதே ரொறன்ரோ ஜெனரலுக்கு. அங்கே 153 நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு முதலில் ஈபஸ், தொடர்ந்து அதே மயக்கத்திலேயே மீடியாஸ்டினொஸ்கோப்பி என்று இரண்டையும் செய்து ஒப்பிட்டார்கள். 2011இல் வெளிவந்த முடிவில் இரண்டும் 91 சதவீதம் ஒத்துப்போயின. கீறலை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த ஆஸ்பத்திரியே, பலருக்குக் கீறல் தேவையில்லை என்றும் காட்டியது.

புற்றுநோய்க்குக் கண்ட வழி சார்கொய்டோசிஸுக்கு நன்றாகவே பொருந்தியது. ஆறு நாடுகளின் 304 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. பழைய முறையில் நுரையீரலைக் கிள்ளியவர்களில் 53 சதவீதத்தினருக்குக் கிரானுலோமா அகப்பட்டது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கணுவைக் குத்தியவர்களில் 80 சதவீதத்தினருக்கு. அமெரிக்க நெஞ்சு மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, நெஞ்சுக் கணுவிலிருந்து துணுக்கு வேண்டுமென்றால் முதலில் ஈபஸ், அது கைகொடுக்காவிட்டால் மீடியாஸ்டினொஸ்கோப்பி என்ற வரிசையை முன்வைத்தது.

இன்று: திரையில் தெரியும் கணு

இன்று இது பெரும்பாலும் ஒரு பகல் வேலை. நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர் அதை எப்போது நிறுத்துவது என்று முன்னமே கேட்டுவைக்க வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள்; கசக்கும், விழுங்க முடியாதது போலிருக்கும். கையில் ஊசி வழியாக மயக்கம் தரும் மருந்து. பலருக்கு நடந்தது நினைவிலேயே இருக்காது.

குழாய் வாய் வழியே போய் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தை அடைகிறது. அந்தக் கவட்டின் கீழே இருப்பது ஏழாம் இலக்கக் கணு. நெஞ்சுக் கணுக்களுக்கெல்லாம் இப்படி இலக்கம் உண்டு. குழாயின் நுனியைச் சுவரில் அழுத்தியதும் திரையில் சாம்பல் நிறத்தில், ஓரம் தெளிவான ஒரு நீள்வட்டம் எழும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளரை அழுத்தினால் பக்கத்து இரத்தக் குழாய்கள் நிறமேறும். ஊசி எங்கே போகக்கூடாது என்பது அப்போது தெரிந்துவிடும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிமனுள்ள ஊசி சுவரைத் துளைத்து, வெள்ளைக் கோடாகக் கணுவுக்குள் நுழைகிறது. மருத்துவர் அதைக் கணுவுக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் அசைப்பார். ஊசியை வெளியே எடுத்து, உள்ளிருப்பதைக் கண்ணாடித் தகட்டில் ஊதுவார்கள். சிவந்த ஒரு சொட்டும், அதற்குள் வெளிறிய சில துகள்களும். சில இடங்களில் செல்லியல் நிபுணர் அறையிலேயே நின்று, தகட்டைச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்து, "போதும்" அல்லது "இன்னொரு தடவை" என்று சொல்வார். ஒரே கணுவை மூன்று நாலு தடவை குத்துவது வழமை.

மாலையில் வீடு. அன்றைக்கு வாகனம் ஓட்டக்கூடாது, கூட்டிப்போக ஒருவர் வேண்டும். தொண்டை நோ, சளியில் இரத்தக் கீற்று, ஓரிரவுக் காய்ச்சல் வரலாம். பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. துணுக்கு போதாத இடத்தில் உறைய வைக்கும் நுண்கருவியைக் கணுவுக்குள் செலுத்திச் சற்றுப் பெரிய துண்டு எடுக்கும் முறையும் அண்மைய ஆண்டுகளில் வந்திருக்கிறது.

ஆனால் ஊசி எப்போதும் முதல் தெரிவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் சார்கொய்டோசிஸ் தடிப்பு இருந்தால் அதுதான் எளிது. கழுத்தில் கணு தடவுப்பட்டால் அதுதான் எளிது. முழங்காலுக்குக் கீழே வரும் சிவந்த நோவான தடிப்பை மட்டும் வெட்டிப் பயனில்லை, அதில் கிரானுலோமா இராது. அந்தத் தடிப்போடு காய்ச்சலும் மூட்டு வலியும் நெஞ்சின் இரு பக்கமும் கணு வீக்கமும் சேர்ந்து வந்தால், அது லோஃப்கிரென் கூட்டுநோய். அதற்குப் பயொப்சியே, அதாவது துணுக்கு எடுப்பதே, வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

இருதயம், மூளை, கண்

எந்தக் கணுவைக் குத்துவது என்பதை இப்போது முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பெட் ஸ்கான். அழற்சியுள்ள இடம் சர்க்கரையை அதிகம் இழுக்கும். கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றினால் அந்த இடம் ஒளிரும். இருதயத் தசையும் சர்க்கரையை இழுக்கும் என்பதால் அதை முதலில் கொழுப்புக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் சோறு, பாண், புட்டு, இடியப்பம், பழம், சீனி போட்ட தேத்தண்ணி எதுவும் கூடாது. முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய் மட்டும். பிறகு நீண்ட பட்டினி. நம் வீடுகளில் இந்தத் தாளைப் படிக்கும்போது வரும் குழப்பத்தைச் சொல்லி முடியாது. "கறி எண்டா சாப்பிடலாமாம், சோறு இல்லாமலோ?" என்று அம்மா கேட்பார். சைவச் சாப்பாட்டுக்காரருக்குப் பருப்பும் கடலையும்கூடத் தடை. ஒரு துண்டு பாண் வாயில் போனாலும் இருதயம் முழுதும் ஒளிர்ந்து படம் வீணாகலாம். தாளைத் தமிழில் விளக்கித் தர யாராவது இருந்தால், அன்றைக்கு அது மருந்துக்குச் சமம்.

படத்தில் இருதயத்தில் திட்டுத்திட்டாக ஒளி. கூடவே நெஞ்சுக் கணுவிலும் ஒளி. இருதயத் தசையிலேயே துணுக்கு எடுக்கலாம்தான். இரத்தக் குழாய் வழியாக இடுக்கி விட்டு எடுக்கும் முறை 1962 முதல் இருக்கிறது. ஆனால் நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் இடுக்கி நல்ல தசையைக் கிள்ளிவிட்டுத் திரும்பிவிடும். நாலில் ஒருவருக்குத்தான் கிரானுலோமா கிடைக்கும். இருதயச் சுவரைத் துளைக்கும் சிறு ஆபத்தும் உண்டு. அதனால்தான் தாய்க்கு நுரையீரல் நிபுணரிடம் கடிதம்.

இதற்கு விதியும் எழுதப்பட்டிருக்கிறது. ஒட்டாவா இருதய நிலையத்தின் டேவிட் பெர்னி தலைமையில் 2014இல் வெளிவந்த இருதயத் துடிப்புச் சங்கத்தின் அறிக்கை, இருதயத்துக்கு வெளியே கிரானுலோமா நிரூபணமாகி, கூடவே விளக்கமில்லாத இருதய மின்தடையோ, பெட் அல்லது எம்ஆர்ஐயில் உரிய கோலமோ இருந்து, வேறு காரணங்களும் விலக்கப்பட்டால் இருதய சார்கொய்டோசிஸ் என்று கொள்ளலாம் என்றது. நரம்பு மண்டலத்துக்கு 2018இல் இதே போக்கில் ஒரு வரையறை வந்தது. மூளையின் உறையையோ கண் நரம்பையோ வெட்டிப் பார்ப்பதைவிட நெஞ்சுக் கணு எவ்வளவோ மேல். கண்ணுக்கு 2009இலேயே சர்வதேச வரையறை. விழிக்குள்ளிருந்து திசு எடுப்பதை யார்தான் விரும்புவார்?

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் கேட்பதில்லை, அயலட்டையில்தான் விசாரிப்போம். அயலார் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். சில வேளை பிழைக்கும். கணுவின் சாட்சியமும் அப்படித்தான். கணுவில் கிரானுலோமா இருப்பதால் மட்டும் இருதயத்திலும் அதுதான் என்று ஆகிவிடாது. பக்கத்தில் ஒரு புற்றுநோய் இருந்தாலும் கணுக்களில் அதே மாதிரித் திரள் கூடும். இருதயத் தசை வேறொரு காரணத்தால் பழுதாகியிருக்கலாம். ஊசி எடுத்த துணுக்கை, ஸ்கான் படத்தோடும் ஈசிஜியோடும் நோயாளியின் கதையோடும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

காசநோய் என்ற பழைய பயம்

தமிழருக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். கிரானுலோமா என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவருக்கு நினைவுக்கு வருவது நாம் பிறந்த மண்ணின் காசநோய். 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் கொழும்புக்கு வடக்கே வெலிசறை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியும் நம் பாட்டன் காலத்துப் பயங்களின் பெயர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கணு வீங்கித் தெரிந்தால் அங்கே முதல் முடிவு காசநோய்தான். சார்கொய்டோசிஸ் இந்தியாவில் அரிது என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. உண்மையில் அது காசநோயின் பெயரில் மறைந்து கிடந்தது. ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டும் குறையாத பிறகுதான் வேறு நோயோ என்று யோசித்தார்கள்.

கனடாவுக்கு வருவோரில் 11 வயது நிரம்பியவர்களுக்கு இன்றும் குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. சார்கொய்டோசிஸின் கணு வீக்கம் அங்கே முதலில் கண்ணில் படுவதும் நடக்கும். உடனே சளிப் பரிசோதனை, தாமதம், வீட்டில் பதற்றம்.

காசநோயையும் சார்கொய்டோசிஸையும் நுண்ணோக்கியால் மட்டும் பிரிக்க முடியாது. காசநோய்க் கிரானுலோமாவின் நடுவே திசு செத்து நொய்ந்திருக்கும். சார்கொய்டோசிஸில் பெரும்பாலும் அப்படியிராது. ஆனால் காசநோயும் சில வேளை அந்தச் சிதைவு இல்லாமல் வரும். அதனால் ஊசியில் வந்ததில் ஒரு பங்கை நுண்ணுயிரியல் பகுதிக்கு அனுப்புவது நம்மவர்களுக்கு மிக அவசியம். மரபணுப் பரிசோதனை சில மணி நேரத்தில் பதில் தரும். வளர்ப்புச் சோதனை முடிய ஆறு, எட்டு வாரம் ஆகும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இந்த ஊசியின் பயன் என்ன என்பதை இந்திய மருத்துவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். சண்டிகரிலுள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 130 பேரை வைத்துப் பழைய குருட்டு ஊசியையும் ஈபஸையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். தனித்துப் பார்த்தால் ஈபஸ் முந்தியது, நுரையீரலைக் கிள்ளும் பழைய முறையையும் சேர்த்தால் இடைவெளி குறுகியது. கருவி வாங்க வழியில்லாத ஆஸ்பத்திரிக்கு இது ஆறுதலான செய்தி.

பிழையின் விலை இரு பக்கமும் பெரியது. காசநோயை சார்கொய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீரொய்ட் கொடுத்தால் கிருமி பரவும். சார்கொய்டோசிஸைக் காசநோய் என்று எண்ணி மாதக் கணக்கில் மருந்து கொடுத்தால், இருதயத்தின் மின்தடை அதுபாட்டுக்கு வளரும்.

மாறாதவை

ஊசி மாறிய அளவுக்கு மருந்து மாறவில்லை. 1950களில் வந்த பிரெட்னிசோன்தான் இன்னும் முதல் வரிசையில் நிற்கிறது. நுரையீரல் சார்கொய்டோசிஸுக்கு மெதொட்ரெக்சேட்டை முதல் மருந்தாகக் கொடுத்தாலும் பிரெட்னிசோனுக்குக் குறைந்ததல்ல என்று காட்டிய நெதர்லாந்து ஆய்வு 2025இல்தான் வெளிவந்தது. ஸ்டீரொய்ட் தொடங்கினால் கிரானுலோமா கரைந்து, எடுக்கும் துணுக்கு பொய் சொல்லும் என்ற பழைய எச்சரிக்கையும் அப்படியே இருக்கிறது. அவசரமில்லையென்றால் பயொப்சி முதலில், குளிசை பிறகு. பனிநாட்டில் நாம் பழக்கமாக விழுங்கும் வைட்டமின் டியையும் இந்த நோயாளி கேட்காமல் எடுக்கக்கூடாது. கிரானுலோமாவே அந்த வைட்டமினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றிவிடும்.

நோயின் காரணம் இன்னும் தெரியாது. அதனால் இரத்தத்தில் ஒரு சோதனை செய்து "ஆம்" அல்லது "இல்லை" என்று முடிக்கும் வழியும் இல்லை. 1949இல் கழுத்தடியைக் கீறியவருக்கும் இன்று திரையைப் பார்த்து ஊசி விடுபவருக்கும் வேண்டியது அதே கிரானுலோமாதான்.

ஒன்று மட்டும் அன்றைக்கு இல்லாமல் இன்று வந்திருக்கிறது: உறுதிக்கு ஓர் அளவு. நெஞ்சுக் கணுவில் எடுத்த அதே துணுக்கு, கண்ணில் உரிய அழற்சி உள்ளவருக்கு அந்த 2009 வரையறையின்படி "நிச்சயம்" என்ற தீர்ப்பைத் தரும். இருதயத்துக்கும் மூளைக்கும் "பெரும்பாலும்" என்ற தீர்ப்பைத்தான் தரும். அந்த உறுப்பின் திசுவே கிடைத்தால்தான் அங்கே "நிச்சயம்". அறிக்கை கைக்கு வரும் நாளில் நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலிருந்தே வருகின்றன. என் நோய் நிச்சயமா, பெரும்பாலுமா? காசநோய் வளர்ப்பின் முடிவு வந்துவிட்டதா? மருந்துக்கு இருதயம் எதிர்பார்த்தபடி இசையாவிட்டால் மறுபடி எங்கே பார்ப்பீர்கள்? "பெரும்பாலும்" என்ற சொல்லின் மேல் மாதக் கணக்கில் ஸ்டீரொய்ட் விழுங்கப் போகிறவருக்கு, இந்த மூன்றுக்கும் அவருடைய மொழியிலேயே பதில் கிடைக்க வேண்டும்.